அரைவாழ்வுக் காலம் வேறு, காலாவதித் திகதி வேறு: கதிரியக்கச் சேர்வைகள் போத்தலுக்குள்ளேயே பழுதடைவது ஏன்?

உயர்தர வகுப்பில் அரைவாழ்வுக் காலத்தைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. காபன்-14 இன் அரைவாழ்வுக் காலம் 5730 வருடங்கள். காபன்-14 சேர்த்துத் தயாரித்த குளுக்கோஸ் ஒரு போத்தலில் இருக்கிறது. அதை எத்தனை காலம் வைத்திருந்து பாவிக்கலாம்? மாணவர்கள் உடனே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். ஆயிரம் வருடம் என்பார் ஒருவர். எங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை போதும் என்பார் இன்னொருவர். சரியான விடை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஓரிரு வருடங்கள் கடந்துவிட்டாலே, தூய்மையைப் பரிசோதிக்காமல் அந்தப் போத்தலைத் தொடக்கூடாது.

இது ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எலும்பு ஸ்கேன், தைரொயிட் ஸ்கேன், பெட் ஸ்கேன் என்ற சொற்கள் இன்று எமது வீடுகளில் சர்வசாதாரணமாகிவிட்டன. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காகச் சில வருடங்களுக்கு முன்னர் நாடு முழுவதும் நிதி சேர்க்கப்பட்டதும், அதில் எமது மக்கள் முன்னின்று பங்களித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இயந்திரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசினோம். அந்த இயந்திரத்தில் படுக்கும் நோயாளியின் நாளத்தில் ஏற்றப்படும் மருந்தைப் பற்றிப் பேசியது குறைவு. அந்த மருந்தை வாங்கி வைத்திருந்து, வசதியான ஒரு நாளில் ஏற்றிக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அந்தக் குளுக்கோஸ் போத்தலை விளங்கிக்கொள்ள வேண்டும்.

அடையாளமிட்ட மூலக்கூறு

உடலுக்குள்ளோ ஒரு தாவரத்தின் இலைக்குள்ளோ ஒரு மூலக்கூறு எங்கே போகிறது, எதுவாக மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அந்த மூலக்கூறிலுள்ள சாதாரண அணு ஒன்றுக்குப் பதிலாக அதன் கதிரியக்கச் சமதானி ஒன்றை வைக்கிறார்கள். காபனுக்குப் பதிலாகக் காபன்-14, ஐதரசனுக்குப் பதிலாகத் திரிதியம், கந்தகத்துக்குப் பதிலாகக் கந்தகம்-35, பொசுபரசுக்குப் பதிலாகப் பொசுபரசு-32. இரசாயன ரீதியில் மூலக்கூறு கிட்டத்தட்ட முன்போலவே நடந்துகொள்ளும். ஆனால் அது போகுமிடமெல்லாம் கதிர் வீசித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

1940 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பேர்க்லியில் மார்ட்டின் கேமன், சாம் ரூபன் ஆகிய இருவரும் காபன்-14 ஐக் கண்டுபிடித்தார்கள். அதே பேர்க்லியில் மெல்வின் கல்வின் குழுவினர் காபன்-14 அடங்கிய காபனீரொட்சைட்டை அல்காக்களுக்குக் கொடுத்து, அது எந்தெந்தச் சேர்வைகளாக மாறுகிறது என்று படிப்படியாகக் கண்டறிந்தார்கள். எமது உயர்தர உயிரியல் மாணவர்கள் மனனம் செய்யும் கல்வின் வட்டம் அப்படிப் பிறந்ததுதான். கல்வினுக்கு 1961 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பேர்க்லி ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். கவனமாகத் தயாரித்துத் தூய்மைப்படுத்தி வைத்திருந்த சேர்வைகள், யாரும் தொடாமலே போத்தலுக்குள் பழுதடைந்துகொண்டிருந்தன. 1950 களின் ஆரம்பத்தில் இதைப் பற்றி அவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். காபன்-14 அடங்கிய கோலின் குளோரைட்டு என்ற சேர்வை, உலர்ந்த பளிங்காக இருந்தபோதிலும் மற்றவற்றை விட மிக வேகமாகச் சிதைந்தது. வெளியிலிருந்து எந்த எதிரியும் வரவில்லை. போத்தலுக்குள் இருந்த கதிரியக்கமே அந்த வேலையைச் செய்தது.

ஒரு போத்தல், இரண்டு கடிகாரங்கள்

பாடநூலில் நாம் படிப்பிக்கும் அரைவாழ்வுக் காலம் அணுக்கருவின் கடிகாரம். அது வெப்பநிலையையோ வெளிச்சத்தையோ பொருட்படுத்தாது. போத்தலைக் குளிரில் வைத்தாலும் வெயிலில் வைத்தாலும் அதே வேகத்தில்தான் ஓடும். காபன்-14 இன் கடிகாரப்படி ஒரு வருடத்தில் சிதைவது மொத்த அணுக்களில் 0.012 சதவீதம் மட்டுமே.

இரண்டாவது கடிகாரம் மூலக்கூறினுடையது. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பயின்ற காலத்திலும் சரி, இன்றைய பாடநூலிலும் சரி, இந்தக் கடிகாரத்துக்கு இடமில்லை. இதை ஒரு சிறு கணக்கினால் காட்டலாம்.

காபன்-14 அணுவொன்று சிதையும்போது வெளிவரும் பீற்றாத் துணிக்கையின் சராசரிச் சக்தி ஏறத்தாழ 49,000 இலத்திரன் வோல்ற்று. இரண்டு காபன் அணுக்களை இணைக்கும் பிணைப்பை உடைக்கத் தேவைப்படுவது 4 இலத்திரன் வோல்ற்றுக்கும் குறைவு. அதாவது, ஒரே ஒரு சிதைவில் வெளிவரும் சக்தி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிணைப்புகளை உடைக்கப் போதுமானது. நடைமுறையில் அவ்வளவு உடைவதில்லை. நூறு இலத்திரன் வோல்ற்றுக்கு ஒரு மூலக்கூறு மட்டும் அழிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றாலும் ஒரு சிதைவுக்கு 490 மூலக்கூறுகள் அழியும். வருடத்துக்கு 0.012 சதவீத அணுக்கள் சிதைகின்றன. அதை 490 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6 சதவீதம் வரும்.

ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு காபன்-14 இருந்து, வெளிவரும் சக்தி முழுவதும் அதே சேர்வைக்குள் உறிஞ்சப்பட்டால் வரும் கணக்கு இது. உண்மையில் கதிரின் ஒரு பகுதி வெளியே தப்பிவிடும், ஒரு பகுதியைக் கரைப்பான் வாங்கிக்கொள்ளும். ஆகவே நன்றாகப் பேணப்பட்ட காபன்-14 சேர்வைகளில் வருடாந்தச் சிதைவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் அது 0.012 சதவீதத்தை விடப் பல மடங்கு அதிகம். முதலாவது கடிகாரத்தை மட்டும் பார்த்தவர் ஏமாந்துபோவது இங்கேதான்.

திரிதியத்தின் கதை இன்னும் வியப்பானது. அதன் பீற்றாக் கதிர் மிகவும் பலவீனமானது. சராசரிச் சக்தி 5,700 இலத்திரன் வோல்ற்று. நீரில் அது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. எமது தோலின் மேற்படையை அதனால் ஊடுருவ முடியாது, போத்தலின் கண்ணாடியையும் தாண்ட முடியாது. வெளியில் இருப்பவருக்குச் சாதுவான இந்தக் கதிர், உள்ளே இருக்கும் மூலக்கூறுக்குப் பெரிய எதிரி. வெளியே போக முடியாதபடியால் அதன் சக்தி முழுவதும் போத்தலுக்குள்ளேயே செலவாகிறது. அரைவாழ்வுக் காலமும் 12.3 வருடங்கள்தான், எனவே மாதமொன்றுக்கு ஏறத்தாழ 0.46 சதவீத அணுக்கள் சிதைகின்றன. மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு திரிதியம் உள்ள தூய சேர்வையை அப்படியே செறிவாக வைத்திருந்தால், ஒரே மாதத்தில் கால் பங்கு அழிந்துவிடும்.

நீரும் ஒரு பங்காளி

உயிர் இரசாயனச் சேர்வைகள் பெரும்பாலும் நீர்க்கரைசலாகவே பேணப்படுகின்றன. கரைசலில் சேர்வை மிகக் குறைவு, நீரே அதிகம். எனவே கதிரின் பெரும்பகுதி நீரைத்தான் தாக்குகிறது. தாக்கப்பட்ட நீர் மூலக்கூறு ஐதரொட்சில் மூலிகம் போன்ற, ஒரு கணமும் சும்மா இருக்கத் தெரியாத துண்டுகளாக உடைகிறது. இந்த மூலிகங்கள் கரைசலெங்கும் அலைந்து, எதிர்ப்படும் குளுக்கோஸையோ அமினோ அமிலத்தையோ தாக்குகின்றன. கதிர் நேரடியாகத் தொடாத மூலக்கூறும் இப்படி அழிகிறது.

இங்கிலாந்தின் அமர்ஷாமில் இயங்கிய கதிரியக்க இரசாயன நிலையத்தைச் சேர்ந்த பெய்லி, எவன்ஸ் ஆகியோர் 1960 களில் இந்தப் பழுதடைதலை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். அணு தானே சிதைவதால் அதன் மூலக்கூறு உடைவது முதலாவது. கதிர் பக்கத்து மூலக்கூறை நேரடியாகத் தாக்குவது இரண்டாவது. மூலிகங்கள் தாக்குவது மூன்றாவது. கதிரியக்கத்தோடு சம்பந்தமே இல்லாத, எந்த இரசாயனப் பொருளுக்கும் ஏற்படக்கூடிய பழுது நான்காவது. காற்றிலுள்ள ஒட்சிசன், வெளிச்சம், நுண்ணுயிர்கள் எல்லாம் இந்த நான்காவதில் அடங்கும். குளுக்கோஸ் கரைசலில் பற்றீரியா ஒன்று புகுந்துவிட்டால், அதில் கதிரியக்கம் இருக்கிறதே என்று அது விட்டுவைக்காது.

எண்ணிக்கை சரி, மூலக்கூறு எங்கே?

கதிர் எண்ணும் கருவிக்கு அணுவை மட்டுமே தெரியும், மூலக்கூறைத் தெரியாது. குளுக்கோஸில் இருக்கும் காபன்-14 உம், குளுக்கோஸ் உடைந்து உருவான ஏதோவொரு அமிலத்தில் இருக்கும் காபன்-14 உம் அதற்கு ஒன்றுதான். எனவே போத்தலைக் கருவியில் வைத்தால் லேபலில் எழுதியிருக்கும் அளவு அப்படியே காட்டும். உள்ளே பாதி மூலக்கூறுகள் வேறு எதுவாகவோ மாறிப்போயிருந்தாலும் எண்ணிக்கை மாறாது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். தைமிடீன் ஒரு நல்ல உதாரணம். இது கலத்தில் டிஎன்ஏ உருவாகும்போது அதில் மட்டும் சேரும் சேர்வை. எனவே திரிதியத்தால் அடையாளமிட்ட தைமிடீனைக் கொடுத்து, எந்தக் கலம் பிரிவடையத் தயாராகிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பார்கள். ஆனால் பழைய போத்தலில் உருவாகியிருக்கும் சிதைவுப் பொருட்கள் டிஎன்ஏ அல்லாத இடங்களிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்தும் கதிர் வரும். இந்தச் சுயசிதைவு டிஎன்ஏ ஆய்வுகளைத் திசைதிருப்பக்கூடும் என்பதை வாண்ட், சூதன், எவன்ஸ் ஆகிய மூவரும் 1967 இலேயே ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார்கள். கருவியும் சரி, கணக்கும் சரி, முடிவு மட்டும் பிழை. இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம்.

ஆகவேதான் இந்தத் துறையில் தூய்மை என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. கதிரியக்கம் முழுவதும் குறித்த சமதானியிலிருந்துதான் வருகிறதா என்பது ஒன்று. வேறு இரசாயனப் பொருள் கலந்திருக்கிறதா என்பது இரண்டு. கதிரியக்கத்தில் எத்தனை சதவீதம் நாம் விரும்பிய மூலக்கூறில் இருக்கிறது என்பது மூன்று. சேமிப்பில் முதலில் கெடுவது பெரும்பாலும் மூன்றாவது தூய்மைதான். அதை அறிய எண்ணினால் மட்டும் போதாது, பிரித்து எண்ண வேண்டும். குரோமற்றோகிராபி முறையில் தாளிலோ மென்படையிலோ சேர்வைகளைத் தனித்தனியாக ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளப்பார்கள். கல்வின் கையாண்டதும் இதே அடிப்படையைத்தான்.

பாதுகாக்கும் வழிகள்

சிதைவுக்குக் காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். செறிவைக் குறைத்துக் கரைப்பானால் ஐதாக்கினால், கதிரின் சக்தி சேர்வையில் விழாமல் கரைப்பானில் விழும். மூலிகங்களைப் பிடித்துக்கொள்ளும் பொருளொன்றைச் சிறிதளவு சேர்த்தால், அவை சேர்வையைத் தாக்குவதற்கு முன் அதோடு தாக்கமடைந்து அடங்கிவிடும். நீர்க்கரைசல்களில் இதற்குச் சில சதவீதம் எதனோல் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். காற்றுப்பட்டால் எளிதில் ஒட்சியேறும் கந்தகம்-35 மெதியோனீனுக்கு மேர்கப்டோஎதனோல் சேர்த்து, மறை 80 பாகை செல்சியஸில் வைப்பார்கள். ஒரே போத்தலை மீண்டும் மீண்டும் திறந்து உறைய வைக்காமல், தொடக்கத்திலேயே சிறு சிறு குப்பிகளில் பங்கிட்டு மூடிவைப்பார்கள்.

குளிரில் வைப்பதும் பொதுவாக நல்லதுதான். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. திரிதியம் அடங்கிய நீர்க்கரைசலைச் சாதாரண டீப் பிரீசரில் மறை 20 பாகையில் வைத்தால், உறையாமல் 2 பாகையில் வைத்ததை விட அது வேகமாகக் கெடக்கூடும். காரணத்தை எமது பிள்ளைகள் ஐஸ் பக்கட் சாப்பிடும்போது கண்டிருப்பார்கள். உறிஞ்ச உறிஞ்ச முதலில் இனிப்பும் நிறமும் வந்துவிடும், கடைசியில் வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சும். நீர் மெதுவாக உறையும்போது தன்னை மட்டும் பளிங்காக்கிக்கொண்டு, கரைந்திருப்பதை ஓரங்களுக்குத் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளப்பட்ட கதிரியக்க மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூட்டமாகின்றன. திரிதியத்தின் குறுந்தூரக் கதிர் நேரே பக்கத்து மூலக்கூறில் விழுகிறது. ஐதாக்கியதால் கிடைத்த பாதுகாப்பு இழக்கப்படுகிறது. எனவே இத்தகைய கரைசல்களை உறைநிலைக்குச் சற்று மேலே வைப்பார்கள். இல்லையேல் திரவ நைதரசனைக் கொண்டு மறை 140 பாகைக்கும் கீழே கொண்டுபோவார்கள்.

வைத்தியசாலையில்

இப்போது நோயாளியிடம் வருவோம். பெட் ஸ்கேனுக்குப் பாவிக்கும் எஃப்.டி.ஜி. என்பது புளோரீன்-18 சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸ். அதன் அரைவாழ்வுக் காலம் 110 நிமிடங்கள். காலையில் தயாரித்த மருந்தில் பத்து மணித்தியாலத்தின் பின் எஞ்சுவது 2 சதவீதத்துக்குச் சற்று அதிகமான கதிரியக்கமே. அதற்கும் மேலாக, செறிவான கரைசலில் மூலக்கூறு உடைந்தால் புளோரைட்டு தனியாகப் பிரியும். அது புற்றுநோய்க் கலங்களைத் தேடிப் போகாது, எலும்பில் போய்ப் படியும். எலும்பு ஸ்கேனுக்குப் பாவிக்கும் தெக்னீசியம்-99எம் இன் அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலங்கள். அதன் குப்பியில் வெள்ளீய உப்பு இருக்கும், காற்றுக்குப் பதிலாக நைதரசன் போன்ற வாயு நிரப்பப்பட்டிருக்கும். காற்றுப் புகுந்து வெள்ளீயம் ஒட்சியேறிவிட்டால், மருந்தோடு பிணையாத தெக்னீசியம் தைரொயிட்டிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் இரைப்பையிலும் சேர்ந்து படத்தைக் குழப்பும்.

லுற்றீசியம்-177 அடங்கிய லுட்டாதெரா என்ற புற்றுநோய் மருந்து, இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாகக் காட்டும் உதாரணம். அணுவின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 6.6 நாட்கள். மருந்தின் பாவனைக் காலமோ 72 மணித்தியாலங்கள் மட்டுமே. அந்த மூன்று நாள் முடியும்போது அணுக்களில் ஏறத்தாழ 73 சதவீதம் எஞ்சியிருக்கும். இருந்தும் மருந்தை ஏற்ற முடியாது. ஏனெனில் மூலக்கூறின் தூய்மையும் நோயாளிக்குப் போய்ச்சேர வேண்டிய அளவும் அந்த எல்லைக்குள்தான் உறுதிப்படுத்தப்பட்டிருக்கின்றன. அந்த மூன்று நாள் வரை மூலிகங்களிலிருந்து காப்பதற்காக அதில் சேர்க்கப்பட்டிருப்பவற்றில் ஒன்று அஸ்கோபிக் அமிலம். தேசிக்காயிலும் நெல்லிக்காயிலும் உள்ள அதே விற்றமின் சி.

எதனோல் என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் தயங்கக்கூடும். எஃப்.டி.ஜி. யிலும் மிகச் சிறிதளவு எதனோல் இருக்கலாம், அமெரிக்க மருந்து நியமங்களில் அதற்கான உச்ச எல்லை 0.5 சதவீதம். அங்கே அதன் வேலை மூலிகங்களைப் பிடித்து மருந்தைக் காப்பது. மார்க்க ரீதியான விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அவர்களிடம் கேட்பவர் இந்த அளவையும் நோக்கத்தையும் சேர்த்தே எடுத்துச் சொல்வது நல்லது.

எமக்கான பாடம்

ஸ்கேனுக்குக் குறித்த நேரம், பல்வைத்தியரிடம் எடுக்கும் நம்பரைப் போன்றதல்ல. மருந்து அந்த நேரத்தைக் கணக்கிட்டே தருவிக்கப்படுகிறது, தயாரிக்கப்படுகிறது. பஸ் பிந்தியது, வீட்டுக்கு விருந்தாளி வந்தார் என்று இரண்டு மணித்தியாலம் தாமதித்தால், அந்த மருந்து அடுத்த நாளுக்கு மிஞ்சியிருக்காது. தூர இடங்களிலிருந்து வருபவர்கள் முதல் நாளே கொழும்புக்கு வந்து தங்குவது வீண் செலவல்ல. வர முடியாதென்றால் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அந்த நேரம் இன்னொரு நோயாளிக்குப் பயன்படும். தூய்மைப் பரிசோதனையில் தேறாததால் “இன்று மருந்து இல்லை, இன்னொரு நாள் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்பட்டால் மனம் நோகத்தான் செய்யும். ஆனால் பழுதான மருந்தை ஏற்றிப் பிழையான படத்தை எடுத்து, அதை நம்பிச் சிகிச்சை செய்வதை விட அது எவ்வளவோ மேல்.

என் சக விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரைவாழ்வுக் காலத்தின் வளையியைக் கரும்பலகையில் வரைந்த பின், பக்கத்தில் இரண்டாவது வளையி ஒன்றையும் வரையுங்கள். முதலாவது அணு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று சொல்லட்டும். இரண்டாவது மூலக்கூறு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று சொல்லட்டும். இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை, ஒரு பெருக்கல் கணக்கு போதும். நாளை அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மருந்தாளராகவோ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவோ வரும்போது, லேபலில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், உள்ளே இருப்பது என்னவென்று பரிசோதித்த பிறகே குப்பியைக் கையில் எடுப்பார்.